சூது மண்டபங்களின் ஊர்

ஊருக்கு ஒரு தொழில் என்பது உலக வழக்கம். காஞ்சிபுரம் பட்டு நெய்கிறது. சிவகாசி பட்டாசு செய்கிறது. திண்டுக்கல் பூட்டுச் செய்கிறது. சீன தேசத்தின் தென்கரையில் மக்காவ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரின் தொழில் சூதாட்டம். மற்ற ஊர்களில் சரக்கை உண்டாக்கி வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். மக்காவில் வெளியூர்க்காரர்களை வரவழைத்து, அவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்!

முத்து நதி கடலில் கலக்கும் இடத்தில், ஹாங்காங்குக்கு மேற்கே சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில் மக்காவ் இருக்கிறது. பரப்பு சுமார் 33 சதுர கிலோ மீட்டர். ஜனத்தொகை ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு சின்ன ஊரில் உள்ள காஸினோக்கள், அதாவது சூதாட்ட மாளிகைகள், 2013-ஆம் வருஷத்தில் ஆட்டக்காரர்களிடமிருந்து வென்ற தொகை சுமார் 36,000 கோடி பட்டாக்கா. பட்டாக்கா என்பது அவ்வூர் நாணயம். ஏறக்குறைய எட்டு பட்டாக்கா ஓர் அமெரிக்க டாலர். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரின் பெயர்பெற்ற சூதாட்ட வீதி அதே வருஷத்தில் சம்பாதித்ததைப்போல் இது ஏழு மடங்கு!

அந்த மாளிகைகள் பெரும்பாலும் ஹோட்டல்கள்தான். தங்க அறை, உண்ண விருந்து, பார்க்க வேடிக்கை, வாங்கக் கடை எல்லாம் உண்டு. நடுக்கூடத்தில் மாத்திரம் சூதாட்ட மேஜைகள். இவற்றைக் கட்டிய முதலாளிகள் யார், ஒருவரோடொருவர் எப்படிப் போட்டி போட்டார்கள், அதனால் அந்த ஊர் ஜனங்களுக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

கோவாவின் தங்கை

மக்காவின் பூர்வ கதைக்கும் நம் தேசத்துக்கும் சம்பந்தம் உண்டு. கடலோடிகளைக் காக்கும் ‘ஆ-மா’ என்ற தேவிக்கு அங்கே ஒரு புராதனக் கோவில் இருக்கிறது. ஊரின் பெயரே அந்தத் தேவியின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். 1557-ஆம் வருஷத்தில் போர்ச்சுகீசியர் அங்கே குடியேறினார்கள். அந்த நாளில் அவர்களுடைய கீழ்த்திசை ராஜ்யத்துக்குத் தலைநகர் நம் கோவா. மக்காவின் நிர்வாகம் 1844 வரையில் கோவாவுக்குக் கட்டுப்பட்டிருந்தது. சீனத்துப் பட்டும் ஜப்பான் வெள்ளியும் கைமாறும் சந்தையாக மக்காவ் கொழித்தது. குன்றின்மேல் அர்ச். பவுல் பெயரால் பெரிய மாதாகோவில் ஒன்று எழுந்தது. 1835-ல் தீப்பற்றி எரிந்த பிறகு அதன் முகப்புச் சுவர் மட்டும் இன்றும் தனியாக நிற்கிறது.

பிறகு கெட்ட காலம் வந்தது. அபினி யுத்தத்தில் ஆங்கிலேயர் ஹாங்காங்கைப் பிடுங்கிக் கொண்டார்கள். அங்கே ஆழமான துறைமுகம் இருந்தது. மக்காவின் துறைமுகமோ வண்டல் மண்ணால் தூர்ந்து கொண்டிருந்தது. வியாபாரம் எல்லாம் ஹாங்காங்குக்குப் போய்விட்டது. கஜானா காலியாயிற்று. அப்போது போர்ச்சுகீசிய சர்க்கார் ஒரு யோசனை செய்தது. சீனர்கள் இரகசியமாக ஆடிக்கொண்டிருந்த சூதாட்டத்துக்கு லைசென்ஸ் கொடுத்து வரி வசூலித்தால் என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அப்படியே சட்டமாயிற்று. நேர்மையான பிழைப்புப் போன பிறகு ஊர் பிடித்துக்கொண்ட புதுப் பிழைப்பு இது. சொந்தப் பிரஜைகளாக இருந்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பார்கள். பிறர் தேசத்து ஜனங்கள்தானே என்று அந்நிய ஆட்சி துணிந்துவிட்டது!

கூடையில் இறங்கிய பணம்

அந்தக் காலத்து முக்கிய ஆட்டத்துக்கு ‘பான்-தான்’ என்று பெயர். மேஜைமீது பொத்தான்களைக் குவியலாகக் கொட்டி, ஒரு கிண்ணத்தால் மூடுவார்கள். ஜனங்கள் பணம் கட்டிய பிறகு கிண்ணத்தை எடுத்து, ஒரு குச்சியால் நான்கு நான்காகத் தள்ளி எண்ணுவார்கள். கடைசியில் மிஞ்சுவது ஒன்றா, இரண்டா, மூன்றா, நான்கா என்பதுதான் பந்தயம்.

1937-ல் மக்காவின் சூதாட்ட ஏகபோகம் பூ டாக்-யாம் என்பவருடைய கோஷ்டிக்குக் கிடைத்தது. ‘ஸென்ட்ரல் ஹோட்டல்’ என்ற கட்டடத்தில் அவர்கள் கடை விரித்தார்கள். கீழ்த்தளத்தில் மேஜை, மேல்மாடியில் கைப்பிடிச் சுவரைச் சுற்றிப் பணக்காரர்கள். அவர்கள் படி இறங்கிக் கஷ்டப்பட வேண்டியதில்லை. சிறு கூடையில் பணத்தைப் போட்டுக் கயிற்றால் கீழே இறக்கினால் போதும். ஜயித்தால் பணம் அதே கூடையில் மேலே வரும். கூடை மேலே ஏறியதைவிடக் கீழே இறங்கியதுதான் அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

காஸினோ ஹோட்டல்களின் இலக்கணம் முழுவதும் அந்தக் கூடையில் அடங்கியிருக்கிறது. விருந்தாளிக்கு எல்லாச் சௌகரியமும் செய்து கொடுக்க வேண்டும். பணத்தை இழப்பதற்குக்கூட அவன் சிரமப்படக் கூடாது!

ஹோ என்ற ஏகச் சக்ரவர்த்தி

1962-ல் ஏகபோகம் கைமாறியது. ஸ்டான்லி ஹோ, ஹென்றி பாக், டெடி யிப், யிப் ஹான் ஆகிய நால்வர் கோஷ்டி அதை ஏலத்தில் எடுத்தது. இவர்களில் ஸ்டான்லி ஹோவின் பெயர்தான் நாற்பது வருஷம் மக்காவில் ஒலித்தது.

இவர் 1921-ல் ஹாங்காங்கில் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். இவர் சிறுவனாக இருந்தபோதே தகப்பனார் பங்கு வியாபாரத்தில் ஆஸ்தியை இழந்து, குடும்பத்தை விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார். 1941-ல் ஜப்பானியர் ஹாங்காங்கைப் பிடித்தபோது, பையில் பத்து டாலருடன் மக்காவுக்கு வந்து சேர்ந்ததாக ஹோ பிற்காலத்தில் சொல்வதுண்டு. யுத்தகால வியாபாரத்தில் இளவயதிலேயே பணக்காரரானார்.

சர்க்காரோடு அவர் செய்த ஒப்பந்தத்தில் சூதாட்டம் மட்டும் இல்லை. துறைமுகத்தைத் தூர் வார வேண்டும். ஹாங்காங்குக்குத் துரிதமான படகுகள் விட வேண்டும். ஊருக்கு யாத்திரிகர்களைக் கொண்டு வர வேண்டும். அவர் விட்ட புதுமாதிரிப் படகுகளால் மூன்று நான்கு மணி நேரப் பிரயாணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்டதாகக் குறைந்தது. மீன் இருக்கும் இடத்துக்கு வலையைக் கொண்டு போவது எல்லாரும் செய்வது. மீன்கள் வலைக்குள் வந்து சேரப் படகு விட்டவர் இவர்!

1970-ல் ‘லிஸ்போவா ஹோட்டல்’ திறந்தார். உருளை வடிவமான அந்தக் கட்டடம் பறவைக் கூண்டைப் போலவே இருக்கும். உள்ளே வந்த பறவை வெளியே போகக் கூடாது என்று வாஸ்து பார்த்துத்தான் அப்படிக் கட்டினார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். சுற்றிலும் உள்ள தெருக்களில் அடகுக் கடைகள். உள்ளே போகும்போது கையில் இருந்த கடிகாரம், வெளியே வரும்போது கடைக் கண்ணாடிக்குள் இருப்பதைக் காணலாம்.

சூதாட்டப் பணத்தால் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1860-ல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் பீகிங் நகரின் பழைய கோடைகால அரண்மனையைக் கொள்ளையடித்துக் கொளுத்தின. அங்கே இருந்த பன்னிரண்டு வெண்கல மிருகத் தலைகள் பறிபோயின. அவற்றில் குதிரைத் தலையை 2007-ல் ஹோ 6 கோடியே 91 லட்சம் ஹாங்காங் டாலர் கொடுத்து வாங்கினார். 2019-ல் அதைத் தம் தேசத்துக்கே நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். தேசத்திலிருந்து திருடிய சொத்தைத் தேசத்தானே விலை கொடுத்து மீட்க வேண்டியிருந்த விநோதத்தை நம் வாசகர்கள் நன்றாக அறிவார்கள்.

கோட்டைக் கதவு திறந்தது

1999 டிசம்பர் 20-ஆம் தேதி போர்ச்சுகீசியக் கொடி இறங்கியது. மக்காவ் சீனாவுக்குத் திரும்பியது. சீன தேசத்தின் மற்றப் பகுதிகளில் காஸினோவுக்கு இடமில்லை. மக்காவில் மட்டும் உண்டு என்ற ஏற்பாடு நீடித்தது. ஆனால், ஏகபோகம் நீடிக்கவில்லை. 2002-ல் புதிய முதலாளிகளுக்கு இடம் கொடுத்தார்கள். மூன்று லைசென்ஸுகள் பிரிந்து ஆறாயின. உலகத்துச் சூதாட்டப் பிரபுக்கள் மக்காவில் வந்து இறங்கினார்கள்.

முதலில் வந்தவர் ஷெல்டன் அடெல்ஸன். பாஸ்டன் நகரத்து வாடகைக் கார் ஓட்டியின் பிள்ளை. பன்னிரண்டு வயதில் தெருமுனையில் பத்திரிகை விற்றவர். கம்ப்யூட்டர் கண்காட்சி நடத்திப் பணம் சேர்த்து, லாஸ் வேகாஸில் ஹோட்டல் வாங்கியவர். 2004 மே மாதம் அவர் ‘ஸாண்ட்ஸ்’ காஸினோவைத் திறந்த அன்று, கூட்டம் நெரித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தது. சுமார் 25 கோடி டாலர் செலவில் கட்டியது, ஏறக்குறைய ஒரே வருஷத்தில் முதல் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. எந்த நஞ்சை நிலம் இப்படி விளையும்?

அடுத்து வந்தவர் ஸ்டீவ் வின். இவருடைய தகப்பனார் அமெரிக்காவில் சிறு சூதாட்டக் கூடங்கள் நடத்தியவர். தாமே சூதாடித் தோற்று, கடனைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு இறந்தவர். பிள்ளை அந்தப் பாடத்தை மறக்கவில்லை. மேஜையின் எதிர்ப்புறத்தில் உட்கார்ந்துகொண்டார்! 2006-ல் மக்காவில் தம் பெயராலேயே ஹோட்டல் திறந்தார். அதே வருஷம் அவர் தம்மிடமிருந்த பிக்காஸோ சித்திரம் ஒன்றை 13 கோடியே 90 லட்சம் டாலருக்கு விற்கப் பேசி முடித்திருந்தார். நண்பர்களுக்கு அதைக் காட்டி விளக்கும்போது முழங்கை பட்டுச் சித்திரம் கிழிந்தது. பேரம் முறிந்தது. செப்பனிட்டு வைத்திருந்து, 2013-ல் அதையே 15 கோடியே 50 லட்சத்துக்கு விற்றார். சூதாட்ட முதலாளிகளுக்கு மாத்திரம் கிழிந்ததும் லாபமாகிறது!

மூன்றாமவர் லூயி சே-வூ. ஹாங்காங்கில் கல்லுடைக்கும் குவாரியும் கட்டடச் சாமான் வியாபாரமும் நடத்தியவர். பிறர் மாளிகைக்குக் கல் கொடுத்தவர், எழுபது வயது கடந்த பிறகு ‘காலக்ஸி’ என்று தமக்கே மாளிகைகள் கட்டிக்கொண்டார். 2024-ல் தமது 95-ஆவது வயதில் காலமானார்.

எல்லாவற்றிலும் ரஸமான விஷயம், ஹோவின் சொந்த மக்கள் அவருக்குப் போட்டியாகக் கிளம்பியதுதான். மகள் பான்ஸி, அமெரிக்க ‘எம்.ஜி.எம்.’ கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தார். மகன் லாரன்ஸ், ‘மெல்கோ’ கம்பெனியின் தலைவராக வேறு மாளிகைகள் எழுப்பினார். தகப்பனாரின் சொந்தக் கம்பெனிக்கு இன்னொரு மகள் டெய்ஸி 2018-ல் தலைவியானார். லைசென்ஸ் ஆறு, அதில் மூன்று ஒரே குடும்பத்தைத் தொட்டவை. 2020-ல் ஹோ 98 வயதில் கண் மூடியபோது, ஏகபோகம் போயும் குடும்பத்தின் பாகம் போகவில்லை.

மயன் கட்டிய மண்டபம்

பாரதக் கதையில் துரியோதனன் இந்திரப்பிரஸ்தம் போனதும், மயன் சமைத்த மண்டபத்தில் பளிங்குத் தரையைத் தண்ணீர் என்றும் தண்ணீரைத் தரை என்றும் எண்ணித் திண்டாடியதும் நமக்குத் தெரியும். அவன் ஊருக்குத் திரும்பி என்ன செய்தான்? சூதாடுவதற்கு முன்னால் தன் ஊரில் ஒரு மண்டபம் கட்டுவித்தான். பகடை உருட்ட ஒரு பாய் போதுமே, மண்டபம் எதற்கு? விருந்தாளியின் கண் மயங்கினால்தான் கை தளரும்!

மக்காவில் இரண்டு தீவுகளுக்கு நடுவில் இருந்த கடலைத் தூர்த்து, ‘கோட்டாய்’ என்ற புது நிலத்தை உண்டாக்கினார்கள். 2007-ல் அடெல்ஸன் அங்கே சுமார் 240 கோடி டாலர் செலவில் ‘வெனீஷியன்’ ஹோட்டலை எழுப்பினார். ஏறக்குறைய மூவாயிரம் அறைகள். மாடியின்மேல் வெனிஸ் நகரத்துக் கால்வாய், அதில் ஓடம், ஓடக்காரர் பாடுகிறார். மேலே வர்ணம் தீட்டிய வானம். அங்கே எந்நேரமும் அந்தி வேளைதான்! மயன் தண்ணீரையும் தரையையும்தான் மாற்றிக் காட்டினான். இவர் பொழுதையே நிறுத்திவிட்டார்.

ஒருவர் வெனிஸைக் கொண்டு வந்தால் மற்றவர் சும்மா இருப்பாரா? லாரன்ஸ் ஹோ தம் ‘ஸ்டூடியோ ஸிட்டி’ மாளிகையின் நடுவில், எட்டு என்ற எண் வடிவத்தில் ராட்டினம் வைத்தார். சீனருக்கு எட்டு அதிருஷ்ட எண். வின் ஒரு ஏரியை வெட்டி, இசைக்குத் தக்கபடி ஆடும் நீரூற்றுகளை அமைத்தார். அடெல்ஸன் பாரிஸ் நகரத்து ஈபிள் கோபுரத்தைப் பாதி அளவில் நிறுத்தினார். பழைய ஹோவின் கம்பெனியோ தாமரை வடிவில், பொன்னிறமாக, ‘கிராண்ட் லிஸ்போவா’ கட்டி, 218 காரட் வைரம் ஒன்றைக் கூடத்திலே காட்சிக்கு வைத்தது.

பெரிய தொகை வைத்து ஆடுகிறவருக்கு அறை வாடகை கிடையாது; விருந்துக்கும் காசில்லை. எல்லாம் இனாம். இனாமாகக் கிடைப்பதற்கு உலகத்தில் இதைவிட அதிக விலை வேறெங்கும் கொடுப்பதில்லை.

மாயப் பகடை தேவையில்லை

‘இவர்கள் ஏமாற்றுகிறார்களோ?’ என்று வாசகர்கள் கேட்கலாம். இல்லை. சகுனிக்கு மாயப் பகடை வேண்டியிருந்தது. இவர்களுக்கு நேர்மையான சீட்டே போதும்.

மக்காவில் பெரும்பாலோர் ஆடுவது ‘பாக்கரா’ என்ற சீட்டாட்டம். இரண்டு பக்கங்களுக்குச் சீட்டுப் போடுவார்கள். ஒன்பதுக்கு எந்தப் பக்கம் கிட்டத்தில் இருக்கிறதோ அதற்கு ஜயம். நாம் எந்தப் பக்கத்திலும் பணம் வைக்கலாம். ‘பாங்கர்’ பக்கத்தில் ஜயித்தால் மட்டும், ஜயித்த பணத்தில் நூற்றுக்கு ஐந்து முதலாளி பிடித்துக்கொள்வார். கணக்குப் பார்த்தால், அந்தப் பக்கத்தில் வைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் சராசரி ஒரு ரூபாய் ஆறு காசு முதலாளிக்குச் சேர்கிறது. மறுபக்கத்தில் ஒரு ரூபாய் இருபத்து நாலு காசு. ‘அட, நூற்றுக்கு ஒன்றுதானா?’ என்று தோன்றும். ஆனால், ஒரே நூறு ரூபாயை ஓர் இரவில் நூறு தடவை வைத்து ஆடினால், சராசரிக் கணக்கில் அந்த நூறும் போய்விடுகிறது. ஆட்டக்காரன் சீட்டின் ஓரத்தை மெல்ல மடித்துப் பார்க்கிறான். கெட்ட எண் போகட்டும் என்று வாயால் ஊதுகிறான். சீட்டு ஊதலுக்கு அசைவதில்லை.

பணம் தீர்ந்தவனுக்குக் கடன் கொடுக்கவும் தரகர்கள் இருந்தார்கள். சீனாவிலிருந்து ஒருவர் கையில் 20,000 யுவானுக்குமேல் ரொக்கமாகக் கொண்டு போகக் கூடாது என்பது சட்டம். தரகர்கள் பணக்கார ஆட்டக்காரர்களை அழைத்து வந்து, மக்காவில் கடன் கொடுத்து, சீனாவில் வசூல் செய்தார்கள். 2013-ல் காஸினோ வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு, பெரும் புள்ளிகளின் தனி அறைகளிலிருந்து வந்தது. பீகிங் சர்க்கார் லஞ்ச ஒழிப்பில் முனைந்ததும் அந்த அறைகள் வெறிச்சோட ஆரம்பித்தன. 2021 நவம்பரில் மிகப் பெரிய தரகர் கைதானார். 2023-ல் அவருக்குப் பதினெட்டு வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஊர் வைத்த பந்தயம்

ஊருக்கு லாபம் இல்லை என்று சொல்ல முடியாது. காஸினோ வருமானத்தில் நூற்றுக்குச் சுமார் நாற்பது சர்க்காருக்குச் சேர்கிறது. அந்த வரியைக்கொண்டு பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடக்கின்றன. 2008 முதல் வருஷந்தோறும் ஊர்க் குடிகளுக்குச் சர்க்காரே ரொக்கம் பங்கிட்டுத் தருகிறது. 2024-ல் நிரந்தரவாசி ஒருவருக்குப் பதினாயிரம் பட்டாக்கா. மேஜையில் சீட்டுப் போடும் உத்தியோகம் உள்ளூராருக்கே உரியது. நல்ல சம்பளம், ஆகையால் படிப்பைப் பாதியில் விட்டு மேஜைக்குப் போன பிள்ளைகளும் உண்டு.

ஆனால், அந்த ஊர்ச் சட்டங்களைப் பாருங்கள். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் சீனப் புது வருஷத்தின் முதல் மூன்று நாள் தவிர, காஸினோவுக்குள் ஆடப் போகக் கூடாது. இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்கள் நுழையக் கூடாது. 2019 டிசம்பரிலிருந்து, சீட்டுப் போடும் சிப்பந்திகளே வேலை நேரம் தவிரப் பொதுவாகக் காஸினோவில் கால் வைக்கக் கூடாது. தன் வீட்டுப் பண்டத்தைத் தன் பிள்ளைகள் தின்னக் கூடாது என்று கடைக்காரன் தடுத்தால், அந்தப் பண்டத்தைப்பற்றி வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

ஒரே தொழிலை நம்பியிருந்ததன் ஆபத்து கொரோனா நோய்க் காலத்தில் வெளிப்பட்டது. 2020 பிப்ரவரியில் பதினைந்து நாள் காஸினோக்களை மூடினார்கள். 2022 ஜூலையில் மறுபடியும் பன்னிரண்டு நாள் மூடினார்கள். எல்லையில் ஜன நடமாட்டம் நின்றது. 36,000 கோடி பார்த்த வருமானம், 2022-ல் சுமார் 4,200 கோடிக்கு இறங்கியது. சிப்பந்திகள் வீட்டில் உட்கார்ந்தார்கள். சர்க்கார் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்தது. அப்போதுதான் தெரிந்தது: மேஜையில் ஆடியவர்கள் மட்டுமல்ல, ஊர் முழுவதுமே தன் பணத்தை ஒரே கட்டத்தில் வைத்து ஆடிக்கொண்டிருந்தது!

ஆகவே 2023 ஜனவரியில் அதே ஆறு கம்பெனிகளுக்குப் பத்து வருஷ லைசென்ஸ் கொடுத்தபோது, சர்க்கார் ஒரு நிபந்தனை போட்டது. புதிதாக முதலிடும் பணத்தில் பெரும் பகுதியைச் சூதாட்டத்துக்குச் சம்பந்தமில்லாத காரியங்களில் போட வேண்டும்: நாடகம், கண்காட்சி, சபை கூடும் மண்டபம், விளையாட்டு. யாத்திரிகர் கூட்டம் திரும்பிவிட்டது. 2024-ல் வருமானம் சுமார் 22,700 கோடிக்கு ஏறியது. ஆயினும் பெரும் பணம் இன்னும் பழைய மேஜையிலிருந்துதான் வருகிறது. சூதாடியைத் திருத்துவது கஷ்டம் என்பார்கள். சூதினால் வாழும் கஜானாவைத் திருத்துவது அதைவிடக் கஷ்டம். மக்காவின் அக்காளான கோவாவில் மாண்டவி நதியின்மீது இன்று காஸினோக் கப்பல்கள் நிற்கின்றன. கரையில் இருப்பவர்கள் தங்கையின் கணக்கை ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது நல்லது.

போகிறவர்களுக்கு

ஹாங்காங் போகும் வாசகர்கள் மக்காவையும் பார்த்துவிட்டு வரலாம். 2018-ல் திறந்த 55 கிலோ மீட்டர் நீளமுள்ள கடற்பாலத்தின் வழியாக பஸ்ஸிலேயே போகலாம். காலையில் ஆ-மா கோவிலுக்குப் போங்கள். ஊதுவத்திப் புகையின் நடுவில் பழைய மீனவர் ஊர் கண்ணுக்குத் தெரியும். அலை அலையாகக் கல் பதித்த ஸெனாடோ சதுக்கத்தில் நடந்து, அர்ச். பவுல் கோவில் முகப்புக்கு ஏறுங்கள். 2005 முதல் இந்தப் பழைய நகரம் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்று. இவற்றைப் பார்க்கக் கட்டணம் கிடையாது.

சாயங்காலம் மாளிகைகளுக்கும் போகலாம். பொய் வானத்தையும் ஆடும் நீரூற்றையும் குழந்தைகளுக்குக் காட்டலாம். அவற்றுக்கான செலவை வேறு யாரோ மேஜையில் கொடுத்துவிட்டார்கள். ஆனால், மேஜைப் பக்கம் கை நமநமக்கிறது என்று யாருக்காவது தோன்றினால், அவருக்கு ஒரு வார்த்தை. நாற்பது வருஷம் அந்த ஊர்ச் சூதாட்டத்தைக் கட்டி ஆண்ட ஸ்டான்லி ஹோ, தாம் சூதாடுவதில்லை என்று பகிரங்கமாகச் சொன்னவர். அந்தத் தொழிலின் நுட்பம் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? பெரியவர் காட்டிய வழியில் நாமும் நடந்துவிட்டுப் போவோமே!